கறுப்பும் காகிதக் கூழும்
(முகையூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய பொருள், வீட்டு அலங்காரத்துக்கும் உடைக்கும் நாமே எளிதாகச் செய்துகொள்ளக்கூடிய கோதிக் கைவினை. இங்கே அமர்ந்திருக்கும் இளையவர்களுக்கு அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கறுப்பு மெழுகுவத்தி, மண்டையோட்டுக் குடுவை, வௌவால், சிலந்தி வலை போன்ற லேஸ், கழுத்தை ஒட்டிக் கட்டும் கறுப்புப் பட்டை எல்லாம் கைபேசியில் பார்த்துப் பழகியவைதான். பெரியவர்கள் இதை 'நமக்கு ஆகாத சங்கதி' என்று ஒதுக்குகிறார்கள். பிள்ளைகளோ இணையக் கடையில் பிளாஸ்டிக் மண்டையோட்டை வரவழைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன என்பது என் எண்ணம். கோதிக் என்பது முடிந்துபோன சரக்கு, அதை வாங்கலாம் அல்லது தள்ளலாம், அவ்வளவுதான் வழி என்று இருவருமே நம்புகிறார்கள். அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோதிக் அலங்காரம் வீட்டுக்குள் நுழைந்த காலத்திலிருந்தே, மலிவான பொருளைக் கையால் உருமாற்றுகிற வேலையாகத்தான் இருந்திருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய பொருளும் பழக்கமும் விழுப்புரத்தைச் சுற்றியுள்ள இந்த மண்ணில் தாராளமாக உண்டு. அயலாரின் மண்டையோட்டையும் கடன் வாங்காமல், நம் அம்மனின் முகத்தையும் விற்பனைக்கு வைக்காமல் இதைச் செய்ய முடியும் என்பதே நான் நிறுவ விரும்புவது.

இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்று ஒருவர் இருந்தார். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். 1747இல் லண்டனுக்கு அருகே, தேம்ஸ் கரையிலுள்ள ட்விக்கனத்தில் ஒரு சிறிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு அதையே விலைக்கு வாங்கி, ஸ்ட்ராபெரி ஹில் என்று பெயர் சூட்டி, அடுத்த சில பத்தாண்டுகளில், இடைக்கால ஐரோப்பியப் பேராலயங்களின் கோதிக் பாணியில், கொஞ்சம் கொஞ்சமாக மாளிகையாக மாற்றினார். அந்த வீட்டின் பெரிய கூடத்துக்கு மேலே விசிறி விரிந்ததுபோல ஒரு விதானம் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயக் கூரையைப் பார்த்துச் செய்தது. மூலம் கல் தச்சர்களின் கைவண்ணம். வால்போலின் விதானமோ காகிதக் கூழ். மாடிப்படிச் சுவரில் கல்லில் குடைந்த சாளர வேலைப்பாடு போலத் தெரிவது, வூஸ்டர் பேராலயத்திலுள்ள இளவரசர் ஆர்தரின் சமாதியைப் பார்த்துத் தாளில் தீட்டி ஒட்டிய ஓவியம். கோதிக் நாவல்களில் முதலாவது என்று சொல்லப்படும் 'ஒட்ரான்டோ கோட்டை' 1764இல் இவர் கையிலிருந்துதான் வந்தது. முதல் பதிப்பில் தன் பெயரைப் போடாமல், பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். ஆக வீடும் வேஷம், நூலும் வேஷம். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. உலகெங்கும் கோதிக் அலங்காரத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் வீடே பழந்தாளும் பசையும் சேர்ந்த சமாசாரம் என்றால், முகையூரில் ஒரு தையல் வகுப்பு மாணவி அதே பொருளைக் கையில் எடுக்கும்போது 'போலி' என்று சொல்ல யாருக்கு வாயிருக்கிறது?

உடையின் கதையும் வேறல்ல. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசி 1901இல் தான் இறக்கும்வரை கறுப்புதான் உடுத்தினார். நாடே அதைப் பின்பற்றியது. துக்க நகைக்கு ஏற்றது விட்பி கடற்கரையில் கிடைக்கும் கருநிறப் புதைமரக் கல் என்றானது. அதை வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியிலும் கெட்டிப்படுத்திய ரப்பரிலும் அதே வடிவங்கள் வந்தன. அடுத்த நூற்றாண்டில், 1979இல் பௌஹவுஸ் என்ற கோதிக் ராக் இசைக்குழுவின் முதல் பாட்டு வெளியாகி, 1982இல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்தபோது அங்கே கூடிய பிள்ளைகள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பழைய துணிக் கடையில் கிடைத்த சட்டை, கிழித்த வலைக் காலுறை, ஊக்கு, கண்ணைச் சுற்றிக் கனமான மை. இவ்வளவுதான் அவர்கள் முதலீடு. கடைக்காரர்கள் இதைச் செட்டு செட்டாகக் கட்டி விற்கத் தொடங்கியது பின்னால் வந்த வியாபாரம். அப்போதிலிருந்துதான் எல்லார் வீட்டிலும் ஒரே மண்டையோடு உட்கார்ந்திருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். விழுப்புரத்தை ஒட்டிய அய்யங்கோவில்பட்டில் காகிதக் கூழில் விநாயகர் செய்யும் குடும்பங்கள் உண்டு என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். காகிதக் கூழ், கிழங்கு மாவு, சுண்ணாம்புத் தூள் மூன்றும் கலந்து அச்சில் ஒற்றிக் காயவைத்து வண்ணம் தீட்டுவார்கள். எல்லை தாண்டினால் புதுச்சேரிப் பகுதியின் திருக்கனூர். அங்கே செய்யும் காகிதக் கூழ்ப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இதைவிடப் பழைய வழக்கம் நம் அடுக்களையிலேயே இருந்தது. ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டி, பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, காய்ந்ததும் கழற்றிக் கூடையாக்குவார்கள். முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் அதே விழுதுதான். வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், பூச்சியையும் அண்டவிடாது. வால்போல் வீட்டு விதானத்துக்கும் இந்தக் கூடைக்கும் பொருளளவில் அதிக தூரமில்லை. ஆகவே கோதிக் பாணியில் ஒரு சுவர் மாடமோ கண்ணாடிச் சட்டமோ செய்ய நினைப்பவர், பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, இடித்துப் பிழிந்து, வெந்தய விழுதோ மரவள்ளி மாவுக் கஞ்சியோ சேர்த்துப் பிசைந்தால் போதும். அட்டையில் வெட்டிய வடிவத்தின்மேல் மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. ஆடி, ஆவணி வெயில் இதற்கு உகந்தது. ஐப்பசியில் தொடங்குகிறவர் பொறுமையை வளர்த்துக்கொள்ளலாம்.

வடிவம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கோதிக் கட்டடத்தின் உயிர் கூர்முனை வளைவு. பார்ப்பதற்குச் சிக்கலாகத் தெரியும். வரைவதற்கு ஓர் ஆணியும் நூலும் பென்சிலும் போதும். மாடத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு நூலை எடுத்து, அடிக்கோட்டின் இடது முனையில் ஆணியை ஊன்றி வலது முனையிலிருந்து மேல்நோக்கி ஒரு வில் இழுக்க வேண்டும். பிறகு ஆணியை வலது முனைக்கு மாற்றி, இடது முனையிலிருந்து இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடம் கூர்முனை. இவ்வளவுதான் பெருங்கோயில்களின் இரகசியம். புதுச்சேரியில், இரயில் நிலையத்துக்கு அருகே 1907இல் அர்ச்சிக்கப்பட்ட இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போனால், இந்த வளைவு எத்தனை அளவுகளில் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் கரிய கோடுகளையும் கவனியுங்கள். அந்தக் கோடு இல்லையென்றால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். கறுப்பு அட்டையில் துளைகள் வெட்டிப் பின்புறம் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டும் வேலை, மகிமை மாதா திருத்தலம் உள்ள இந்த ஊரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிப் பழகிய கைகளுக்குப் புதிதாக இருக்காது.

அடுத்தது கறுப்பு. இந்தக் கைவினையின் பாதிப் பெருமை நிறத்தில் இருக்கிறது, அதனால் இங்கே சற்று நிற்கிறேன். டப்பா பெயின்டின் கறுப்பு தட்டையானது. எந்த வெளிச்சத்திலும் ஒரே முகம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து பிறக்கும் கறுப்பில் நீலமும் பழுப்பும் உள்ளோடும். தஞ்சை, அரியலூர்ப் பகுதிக் கலம்காரித் துணிகளில் கரிய கோடு வரும் வழி இதுதான். ஐரோப்பிய மடாலயங்களில் ஏடுகள் எழுதிய மை பிறந்ததும் இதே வேதியியலில்தான்; அங்கே கடுக்காய்க்குப் பதில் கருவாலி மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் காய்ப்பு. இரண்டிலும் இருப்பது துவர்ப்புச் சத்து. அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய் கல்வராயன் மலையில் விளைவது. எந்த நாட்டு மருந்துக் கடையிலும் தூளாகக் கிடைக்கும். பருத்தித் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்தினால் வெளிறிய மஞ்சளாகும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லம் கரைத்த நீரில் போட்டு ஒரு மண்பானையில் இரண்டு மூன்று வாரம் மூடி வைத்தால் இரும்பு நீர் தயார். மஞ்சள் துணி அதில் நனைந்ததும் கண்ணெதிரே சாம்பலாகிக் கறுக்கும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் அலசிவிட்டு இரண்டையும் திரும்பச் செய்யலாம். பாலியஸ்டர் இதற்குப் பிடி கொடுக்காது. பருத்தியும் பட்டும் ஏற்கும். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது, கையுறையும் வேண்டும். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரும்பு அளவு மீறினால் துணியை நாளடைவில் அரித்துவிடும். ஐரோப்பாவின் பழைய ஏடுகளில் எழுத்து இருந்த இடம் மட்டும் ஓட்டையாகிக் கிடப்பது அந்த மையின் கைங்கரியம். எனவே அன்றாடம் துவைக்கும் சட்டைக்கு இது ஏற்றதல்ல. மேலே போடும் சால்வை, கழுத்துப் பட்டை, திரைச்சீலை, தலையணை உறையின் ஓரம் ஆகியவற்றுக்கு ஏற்றது.

நகைக்குத் தெருக்கூத்தைப் பாருங்கள். கல்யாண முருங்கை போன்ற எடையில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்துச் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும், அருகில் போய்ப் பார்த்தால் காசு பெறாத பொருள்கள். இரவில் விளக்கொளி பட்டதும் துரியோதனனை நம் முன் நிறுத்திவிடுகின்றன. தூரமும் இருளும் சேர்ந்து மலிவான பொருளுக்கு ராஜ களை தரும் என்பது கூத்துக் கலைஞர்கள் நெடுநாளாக அறிந்த நுட்பம். கடுக்காய்க் கறுப்பேற்றிய ஒரு விரல் அகலப் பட்டையில் சிறு கண்ணாடிச் சில்லுகளைத் தைத்துக் கழுத்தில் கட்டினால், இணையக் கடையின் பட்டை அதற்கு ஈடாகாது.

இனி மறுப்புகள். முதலாவது, வீட்டுக்குள் கறுப்பும் கோரமும் அமங்கலம் என்பது. இதைச் சொல்பவர்கள் தங்கள் வீட்டு வாசலை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அங்கே பூத முகம் வரைந்த பூசணி தொங்குகிறது, அல்லது நாக்கைத் துருத்திய திருஷ்டி பொம்மை. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் வைக்கோல் அடைத்த சட்டையும் கரும்புள்ளி குத்திய சட்டித் தலையும் காவல் நிற்கின்றன. பச்சைக் குழந்தைக்குக் கறுப்பு வளையலும் கன்னத்தில் மைப் பொட்டும் வைக்கிறோம். இலக்கியத்துக்குப் போனால், கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் காளிக்குக் கட்டும் கோயிலில் நிணமும் குருதியும் குழைத்த சாந்து. சுவருக்குச் செங்கல்லாகத் தலைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டு அரசவை அதைக் கேட்டு மகிழ்ந்தது. நம் மாவட்டத்துத் திருவக்கரையில் வக்கிரகாளி, அரக்கியின் வயிற்றுப் பிள்ளையையே காதில் குண்டலமாக அணிந்தவள் என்று தலபுராணம் சொல்கிறது. இதற்குமுன் விட்பியின் புதைமரக் கல் தோடு எம்மாத்திரம்! கோரத்துக்கு அழகில் இடமுண்டு என்பதை வெளியூரார் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 'நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அலங்காரமே அல்ல. அவை வழிபாடும் காப்பும். அவற்றுக்கு இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதை வரவேற்பறைப் பொம்மையாக்குவது நியாயமா?' என்பது அந்தக் கேள்வி. மேல்மலையனூரில் மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். காளி வேடமிட்டவர்கள் உடன் போகிறார்கள். தானியமும் காய்கறியும் கொழுக்கட்டையும் அங்கே சூறையிடப்படுகின்றன. பிரமனின் கபாலத்திலிருந்து சிவனை விடுவித்த கதைக்குள் அது நிகழ்கிறது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று துரியோதனனைத் தரையில் மண்ணால் மல்லாக்கப் படுத்தி வண்ணம் தீட்டுகிறார்கள். பல அடி நீளத்துக்கு, உறுத்து விழிக்கும் கண்ணோடு, பார்ப்பவர் நெஞ்சு திடுக்கிடும்படி. அதே நாளில் தொடையைப் பிளந்து உருவத்தை அழித்தும் விடுகிறார்கள். கோயில்களை நிலைத்து நிற்கக் கல்லில் வடித்த இந்த வட்டாரம், இந்தப் பயங்கரத்தை ஒரு நாள் ஆயுளுள்ள மண்ணில் செய்தது தற்செயலாக இருக்க முடியாது. கோபம் வேலை முடிந்ததும் கலைய வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருப்பதாக நான் வாசிக்கிறேன்.

எனவே மறுப்பாளர்களோடு பாதி வழி நானும் வருகிறேன். மயானக் கொள்ளைக் காளியின் முகத்தைக் காகிதக் கூழில் ஒற்றிச் சாவி மாட்டும் பலகையாக விற்பதை நான் ஏற்கமாட்டேன். அது வழிபடுபவரையும் புண்படுத்தும். கலைக்கும் கேடு, ஏனென்றால் அந்த முகத்தின் வலிமை அந்த நாளிலும் அந்த இடத்திலும்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று கைத்திறன்: மண்ணை, தாளை, வைக்கோலை ஓர் இரவுக்குள் உருவமாக்கும் துணிச்சல். இன்னொன்று, அழியக்கூடிய பொருளில் செய்வது. இரும்புக் கறுப்பு துணியை மெல்ல அரிக்கும் என்று சொன்னேன் அல்லவா. கோதிக் அழகில் அது பிழையே அல்ல. இடிந்த மடாலயத்தையும் கிழிந்த லேஸையும் வாடிய ரோஜாவையும் அந்த மரபு நேசிப்பது அவை காலத்தால் தேய்வதால்தானே. எளிதில் மட்காத பிளாஸ்டிக் மண்டையோடு மரணத்தை நினைவூட்டுகிறது என்பது வேடிக்கையான பேச்சு. உருவத்துக்கோ மண்டையோடும் வேண்டாம், அம்மனும் வேண்டாம். பனை மட்டையின் கருக்கு, ஆந்தை, வௌவால், ஆலம் விழுது, உலர்ந்த எருக்கங்காய், திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வளையக் கோடுகள். இவற்றில் நிழலுக்கும் மர்மத்துக்கும் குறைவில்லை. யாருடைய பக்தியையும் சீண்டவும் இல்லை.

மூன்றாவது மறுப்பு சுருக்கமானது: கறுப்பு நமக்குத் துக்க நிறமே அல்ல, வெள்ளைதான், பிறகு வெள்ளைக்காரன் துக்கத்தை நாம் ஏன் உடுத்த வேண்டும்? கேள்வி சரி, முடிவு சரியல்ல. நம்மிடம் கறுப்புக்கு வேறு பொருள்கள் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு அது விரதம். 1940களில் கருஞ்சட்டை அணிந்த பெரியாரின் தொண்டர்களுக்கு அது எதிர்ப்பு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் காப்பு. துக்கச் சுமை இல்லாத கறுப்பு என்பதால் நம் கைவினைஞருக்கு அதில் இடம் கூடுதலே தவிரக் குறைவில்லை. அதோடு, இங்கே வளரும் கோதிக் வெள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பு மாடத்துக்குள் சாயமேற்றாத காடாத் துணியைத் தொங்கவிட்டால் இந்த ஊர்க்காரர் யாருக்கும் அதன் பொருளைச் சொல்லித்தர வேண்டாம்.

கடைசியாக விலை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கோடு கைவேலை விலையில் போட்டியிட முடியாது என்பது உண்மை. அந்தப் போட்டிக்கு நான் யாரையும் அழைக்கவில்லை. தனக்கென்று செய்துகொள்பவருக்குச் செலவு பழைய தாள், கொஞ்சம் வெந்தயம், கடுக்காய்த் தூள், துரு ஆணி, நேரம். விற்க நினைப்பவர் பொருளின் பெயரையே விற்க வேண்டும்: கடுக்காய்க் கறுப்பு, வெந்தயக் கூழ் என்று சீட்டில் எழுதி. புதுச்சேரி, ஆரோவில் கடைவீதிகள் இங்கிருந்து எட்டும் தூரத்தில் உள்ளன. கையால் செய்ததற்குக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர் அங்கே வருகிறார்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்தபின் காகிதக் கூழ் தெரிந்த கைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். பேசி முடிவுசெய்ய வேண்டியது வடிவங்களைப் பற்றித்தான். ஒரு பாதுகாப்புச் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்: காகிதக் கூழ் மாடத்துக்குள் எண்ணெய் விளக்கு வைக்க வேண்டாம். திரி விளக்குதான் வேண்டும் என்பவர், பச்சை மண்ணில் கூர்முனைத் துளைகள் வெட்டிச் சுட்டுத் தரும்படி குயவரிடம் சொல்லுங்கள். சூளையில் கடைசி நேரத்தில் புகையை அடைத்துச் சுட்டால் மண்ணும் கறுப்பாகவே வெளியே வரும். முதுமக்கள் தாழிகளோடு இந்த மண்ணில் கிடைக்கும் கறுப்பு சிவப்புச் சட்டிகளின் உட்புறம் கறுத்ததும், காற்றுப் புகாமல் கவிழ்த்துச் சுட்டதால்தான்.